மணி அடிக்காத வீடு

பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியே தீரவேண்டும் என்று அமெரிக்காவில் முதன்முதலாகச் சட்டம் செய்த ராஜ்யம் மாஸசூஸெட்ஸ். எட்டு வயது முதல் பதினான்கு வயது வரையுள்ள ஒவ்வொரு பிள்ளையும் வருஷத்தில் 12 வாரமேனும் பள்ளியில் இருந்தாக வேண்டும், தவறும் பெற்றோர் அபராதம் செலுத்த வேண்டும் என்று 1852-ஆம் ஆண்டில் அது விதித்தது. அந்த விதி ஏற்பட்டு நூற்றிருபத்தைந்து வருஷங்கள் கழிந்தபின், 1977-இல், அதே ராஜ்யத்தின் தலைநகரமான பாஸ்டனிலிருந்து, குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பாமலே வளர்க்கத் துணிந்த குடும்பங்களுக்கென்று, சில தாள்களே கொண்ட ஒரு சிறு பத்திரிகை வெளிவரத் தொடங்கியது. ‘க்ரோயிங் விதவுட் ஸ்கூலிங்’ என்பது அதன் பெயர். அதை நடத்தியவர் ஜான் ஹோல்ட் என்ற முன்னாள் உபாத்தியாயர்.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது நீர்மூழ்கிக் கப்பலில் பணிபுரிந்து, யுத்தம் முடிந்தபின் உலகம் முழுவதுக்கும் ஒரே சமஷ்டி அரசாங்கம் வேண்டும் என்று பிரசாரம் செய்த ஓர் இயக்கத்தில் சில வருஷம் உழைத்து, ஏறத்தாழ முப்பதாம் வயதில் கொலராடோ மலைநாட்டுப் பள்ளி ஒன்றில் ஆசிரியராக அமர்ந்து, பிறகு பாஸ்டன் பக்கம் வந்து ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் சொன்னவர் அவர். சக ஆசிரியர் ஒருவர் வகுப்பை நடத்த, இவர் ஒரு பக்கமாக அமர்ந்து பிள்ளைகளின் முகங்களையே கவனித்துக் குறித்துவந்தார். பிள்ளைகள் கணக்கைப் பற்றி யோசிக்கவில்லை, ஆசிரியருக்கு எந்த விடை பிடிக்கும் என்பதைப் பற்றியே யோசித்தார்கள் என்பது அவருடைய முடிவு. வாய்க்குள் முணுமுணுப்பதும், பாதி விடையைச் சொல்லிவிட்டு உபாத்தியாயரின் புருவத்தைப் பார்ப்பதும், கைதூக்குவோர் கூட்டத்தில் தாமும் கைதூக்கி மறைந்துகொள்வதுமான இந்தத் தந்திரங்களையெல்லாம் அவர் 1964-இல் ‘ஹௌ சில்ட்ரன் ஃபெயில்’ என்ற நூலாக வெளியிட்டபோது, அது லக்ஷக்கணக்கில் விற்பனையாயிற்று. மூன்று வருஷம் கழித்து, குழந்தைகள் தாமாகவே கற்பது எவ்வாறு என்பதைப் பற்றி இன்னொரு நூல் எழுதினார். பள்ளிகளைத் திருத்திவிடலாம் என்று முதலில் நம்பியவர், இவான் இலிச் 1971-இல் எழுதிய பள்ளியொழிப்பு நூலின் வாதங்களோடு பழகியும், திருத்தம் வேண்டும் என்று விரும்புவோர் மிகச் சிலரே என்று கண்டும், அந்த நம்பிக்கையைக் கைவிட்டார். அதன்பின் அவர் தேடிச்சென்றது குடும்பங்களை. அவரோ மணம் செய்துகொள்ளாதவர். குழந்தை வளர்ப்பைப் பற்றி ஒரு பிரம்மசாரி சொன்னதைத் தாய்மார்கள் இவ்வளவு சிரத்தையோடு கேட்டது விந்தைதான்.

வீட்டிலேயே கல்வி கற்பிப்போர் அமெரிக்காவில் இன்று பலர். அரசாங்கத்தின் கணக்குப்படி 1999-இல் எட்டரை லக்ஷமாக இருந்த அத்தகைய பிள்ளைகளின் தொகை 2016-இல் சுமார் 17 லக்ஷமாயிற்று. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் வீட்டில் ஒரு மேஜையும் பாடப்புத்தகமும் கால அட்டவணையும் வைத்துக்கொண்டு, தாயையே ஆசிரியையாக்கி, பள்ளிக்கூடத்தைக் கூடத்துக்குள் கொண்டுவந்தவர்கள். ஹோல்டின் வழியைப் பின்பற்றுவோர் அவர்களில் ஒரு சிறு பகுதி. ‘அன்ஸ்கூலிங்’ என்று அவர்கள் சொல்லிக்கொள்ளும் இந்த முறையில் பாடத்திட்டம் கிடையாது, பரீக்ஷை கிடையாது, இந்த வயதில் இதைக் கற்றாக வேண்டும் என்ற நியதியும் கிடையாது. பேசவும் நடக்கவும் ஒருவரும் பாடம் நடத்தாமலே கற்றுக்கொண்ட குழந்தை மற்றவற்றையும் அவ்வாறே கற்றுக்கொள்ளும் என்பது அவர்களுடைய அடிப்படை. கேட்பவர்களுக்கு இது பெற்றோர் கைகட்டிச் சும்மா இருக்கும் சோம்பேறி மார்க்கமாகத் தோன்றும். அந்த வீடுகளின் தினசரி வாழ்க்கையைச் சற்று நெருங்கிப் பார்த்தால், பிள்ளைகளுக்கு நீங்கிய கட்டுப்பாடு முழுவதும் பெற்றோர்மேல் ஏறி உட்கார்ந்திருப்பது தெரியும்.

ஏழு வயதுப் பெண்ணும் நாலு வயதுப் பையனும் உள்ள அத்தகைய வீடு ஒன்றை மனத்தில் கொள்வோம். காலையில் எழுந்திருக்க மணி இல்லை. விழிப்பு வரும்போது எழுகிறார்கள். பையன் முன்னதாக எழுந்து, நேற்றுப் பாதியில் விட்ட மரக்கட்டைக் கோபுரத்தின் அருகே போய் உட்கார்ந்துவிட்டான். பல் துலக்குவதைப் பற்றி ஒரு சிறு தர்க்கம் நடந்து, சமாதானமாக முடிகிறது. பெண் எழுந்து வந்து, இன்று பான்கேக் சுடலாம் என்கிறாள். அந்நாட்டுச் சமையலில் மாவையும் பாலையும் நிறுப்பதில்லை, கோப்பையால் அளக்கிறார்கள். அரைக் கோப்பையும் கால் கோப்பையும் மூன்றில் ஒரு கோப்பையும் வளையத்தில் கோத்துத் தொங்குவது வழக்கம். அரைக் கோப்பையைக் காணோம் என்று கால் கோப்பையால் இரண்டு தரம் அள்ளிப் போடுகிறாள் அவள். மாவு பாதி தரையில் சிந்துகிறது. அதைத் துடைத்து முடிப்பதற்குள் மணி பத்தாகிவிட, தபால்காரர் வருகிறார், பையன் அவரோடு பேச ஓடுகிறான், பேச்சு அவருடைய வண்டியைப் பற்றித் திரும்புகிறது. பிற்பகலில் இருவரும் கொல்லையில் மண்ணைத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள், அல்லது சண்டையிட்டுக்கொண்டிருக்கிறார்கள், அல்லது, இதுவே அதிக நேரம், ஏதோ ராஜாவும் திருடனுமாக ஒரு நெடுங்கதையைப் படுக்கையறை முழுவதும் பரப்பி நடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒன்றும் நடக்காத நாட்களும் உண்டு. மழை பெய்யும், ஒருவருக்கும் எதிலும் மனம் செல்லாது, தாய் சுவரிலுள்ள கடிகாரத்தைப் பார்ப்பாள், பள்ளிக்குப் போயிருந்தால் இந்நேரம் இரண்டு பாடம் முடிந்திருக்குமே என்ற எண்ணம் அவளையும் அறியாமல் எழும்.

இந்த எண்ணத்தை அடக்குவதுதான் அந்த வீட்டில் மிகக் கடினமான வேலை. கொல்லையில் ஒரு நத்தையைக் கண்ட பெண் ஓடிவந்து, “நத்தைக்குப் பல் இருக்கிறதா, அம்மா?” என்று கேட்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். தாய்க்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லிவிட்டு, இருவருமாகப் புத்தகத்தைப் புரட்டுகிறார்கள். நத்தைக்குப் பல் உண்டு, ஒன்றிரண்டல்ல, ஆயிரக்கணக்கில் உண்டு. நாக்குப் போன்ற ஒரு நாடாவின்மேல் அரத்தின் முள்போல வரிசை வரிசையாக அமைந்திருக்கின்றன என்று தெரிகிறது. பெண் “அப்படியா!” என்று வியந்துவிட்டு மறுபடி கொல்லைக்கு ஓடிவிடுகிறாள். நம்மைப் போன்றவர்களுக்கு அப்போதுதான் கை துறுதுறுக்கும். இவ்வளவு அருமையான சந்தர்ப்பத்தை விடலாமா? முதுகெலும்பில்லாத பிராணிகள் எவை எவை என்று சொல்லிவைக்கலாமே, நத்தையின் படத்தை வரையச் சொல்லலாமே, குறைந்தபக்ஷம் இரவு தந்தை வந்ததும் “நத்தைக்கு எத்தனை பல், சொல் பார்ப்போம்!” என்று கேட்டு அவள் வாயால் ஒப்பிக்கச் செய்யலாமே என்றெல்லாம் மனம் பறக்கும். ஹோல்டின் வழியில் நிற்பவர்கள் இந்த மூன்றையும் செய்யமாட்டார்கள். விடை தெரிந்தே கேட்கப்படும் கேள்வி, தன்னை நம்பாதவர்கள் தன்னைச் சோதிக்கிறார்கள் என்பதையே குழந்தைக்குத் தெரிவிக்கிறது என்பதும், கேளாமல் கற்பிக்கும் பாடம் ஒவ்வொன்றும் இதை நீயாகக் கண்டுபிடிக்கத் திறனற்றவள் என்று சொல்லாமல் சொல்கிறது என்பதும் அவருடைய கொள்கை. நம் வீடுகளில் விருந்தாளி வந்தவுடன் குழந்தையை முன்னே நிறுத்தி, யானைக்கு எத்தனை கால் என்று தொடங்கிவிடுகிற நமக்கு, நாவை இவ்வாறு கட்டிக்கொள்வது ஒரு விரதமாகவே தோன்றும்.

ஹோல்ட் நாற்பது வயதை எட்டியபின் செல்லோ என்ற பெரிய தந்தி வாத்தியத்தைப் பயிலத் தொடங்கியவர். அதைப் பற்றியே ஒரு நூலும் எழுதியிருக்கிறார். அந்த வாத்தியத்தைச் சிறு குழந்தைகளின் கையில் கொடுத்து, அவர்கள் செய்வதைக் கவனிப்பது அவருக்கு ஒரு வழக்கம். பெரியவர்கள் அஞ்சி அஞ்சி ஒரு தந்தியை மட்டும் மெல்லத் தொட்டுப் பார்ப்பார்கள். குழந்தையோ வில்லை எடுத்ததும் எல்லாத் தந்திகளையும் ஒருங்கே அறுக்கத் தொடங்கும். காதைத் துளைக்கும் அந்தச் சப்தத்தினிடையே, சிறிது நேரத்தில், இதைச் செய்தால் இது நேர்கிறது என்ற ஒழுங்கு அதற்குத் தென்படத் தொடங்கும். குழந்தையின் குழப்பம் வீணானதென்று தோன்றுவது பெரியவர்களின் பொறுமையின்மையால்தான் என்று அவர் அதிலிருந்து எடுத்துரைத்தார்.

ஆனால் எழுத்தறிவு விஷயத்தில் இந்தப் பொறுமைக்கு வரும் சோதனை சாமானியமானதன்று. பாஸ்டன் கல்லூரியில் மனோதத்துவ ஆராய்ச்சியாளராக இருந்த பீட்டர் க்ரே, பள்ளிக்குப் போகாத பிள்ளைகள் எந்த வயதில் படிக்கத் தொடங்கினார்கள் என்று சில குடும்பங்களிடம் கேட்டுத் தொகுத்தார். அவர் கணக்கில் வந்த 21 பிள்ளைகளில் நாலு வயதிலேயே படித்தவர்கள் இருவர். ஐந்து, ஆறு வயதில் எழுவர். ஏழு, எட்டு வயதில் அறுவர். ஒன்பது, பத்து வயதில் ஐவர். பதினொரு வயதில் ஒருவர். பெரும்பாலோர் தமக்கு வேண்டிய ஏதோ ஒன்றுக்காகவே படிக்கக் கற்றார்கள்: ஒரு விளையாட்டின் விதி, சமையல் குறிப்பு, அண்ணன் படித்துச் சொல்ல மறுத்த கதை. தம்பி ஆறு வயதில் சரளமாகப் படிக்க, ஒன்பது வயது அக்காள் இன்னும் எழுத்தைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் வீட்டில், பாட்டி தொலைபேசியில் “என் பேத்தி இன்னும் படிக்கவில்லையா?” என்று கேட்கும்போது தாயின் நெஞ்சில் என்ன நடக்கும் என்பதை எந்தப் பட்டியலும் காட்டாது. எழுத்துக்களைப் பிரித்தறியும் சக்தியிலேயே பிறவிக் குறைபாடு சில குழந்தைகளுக்கு உண்டு. அதை உரிய காலத்தில் கண்டு உதவாமல், தானாக வரும் தானாக வரும் என்று காத்திருப்பது விபரீதமாக முடியக்கூடும். இந்த முறையைப் போற்றி எழுதுபவர்கள் இந்த இடத்தைச் சற்று வேகமாகவே தாண்டிப் போகிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

கணக்கைப் பொறுத்தவரை அவர்களுக்கு ஆதரவாக ஒரு பழைய சாக்ஷியம் உண்டு. மாஸசூஸெட்ஸுக்கு வடக்கே, நியூ ஹாம்ப்ஷயரின் மான்செஸ்டர் நகரில், பள்ளிகளின் மேலதிகாரியாக இருந்த பெனஸட் என்பவர், 1929-இல் தொடங்கி, சில வகுப்புகளில் கணிதப் பாடத்தை ஆறாம் வகுப்புவரை முறையாகக் கற்பிப்பதையே நிறுத்திவைத்தார். அந்த நேரத்தில் பிள்ளைகள் தாம் படித்ததையும் பார்த்ததையும் பற்றித் தாராளமாகப் பேசவும், காலத்தையும் தூரத்தையும் உத்தேசமாக மதிப்பிடவும் பழகினார்கள். ஆறாம் வகுப்பில் கணக்கைத் தொடங்கிய பிறகு, ஒரே வருஷத்தில் அவர்கள் மற்ற வகுப்பினரை எட்டிப் பிடித்ததோடு, யோசித்து விடை காணவேண்டிய கணக்குகளில் மேலாகவும் செய்தார்கள் என்று அவர் 1935-இல் எழுதத் தொடங்கிய கட்டுரைகளில் விவரித்தார். இந்தச் சோதனைக்கு அவர் தேர்ந்தெடுத்தது, வீட்டில் ஆங்கிலம் பேசாத, குடியேறி வந்த ஏழைத் தொழிலாளர்களின் பிள்ளைகள் படித்த பள்ளிகளை. படித்த பெற்றோர் இருக்கும் பள்ளிகளில் தொட்டிருந்தால் ஆக்ஷேபம் கிளம்பியிருக்கும் என்பதை அவரே ஒப்புக்கொண்டார். இன்று அதே சோதனையைத் தம் பிள்ளைகளின்மேல் வலிய ஏற்றுக்கொள்பவர்களில் படித்த பெற்றோர்கள் பலர் என்பதைக் காலத்தின் திருப்பம் என்று சொல்லவேண்டும்.

பள்ளியைத் துறந்த இந்த வீடுகள் ஒரு பொது ஸ்தாபனத்தைத் துறந்துவிடவில்லை என்பது நம்மவர் கவனிக்கத்தக்கது. அமெரிக்கச் சிற்றூர்களில் கூட இலவசமான பொது நூலகம் உண்டு. பாஸ்டன் பொது நூலகம் 1854-இல் வாசகர்களுக்குத் திறக்கப்பட்டது. கட்டாயக் கல்விச் சட்டமும் இதுவும் ஏறக்குறைய ஒரே காலத்துப் பிறவிகள். வாரந்தோறும் பெரிய துணிப்பை நிறையப் புத்தகங்களைச் சுமந்துவருவதும், தாம் தேடும் நூல் அவ்வூரில் இல்லாவிட்டால் வேறு ஊர் நூலகத்திலிருந்து வரவழைத்துக்கொள்வதும், சிறு குழந்தைகளுக்கான கதை நேரத்தில் தரையில் அமர்ந்து கேட்பதும் இந்தக் குடும்பங்களின் வாழ்க்கைக்கு முதுகெலும்பு. நூலகத்தை எடுத்துவிட்டால் இந்த முறை எவ்வளவு தூரம் நிற்கும் என்பது சந்தேகமே. எடுத்துவந்த புத்தகங்களையும், ஒரு காந்தத்தையும், பழுதான கைக்கடிகாரத்தையும், பூகோளப் படத்தையும் மேஜைமேல் எதேச்சையாகக் கிடப்பதுபோல் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் விலகிக்கொள்வது தாய்மார்கள் கையாளும் உபாயம். குழந்தை அதைத் தொடாமலே ஒரு மாதம் கிடக்கலாம். அதைப் பற்றியும் வாய் திறக்கலாகாது.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்கலாம். அமெரிக்காவில் இது ராஜ்யத்துக்கு ராஜ்யம் மாறுபடும். டெக்ஸாஸில் அதிகாரிகளுக்கு ஒன்றுமே தெரிவிக்க வேண்டியதில்லை. நியூயார்க்கிலோ வருஷத்துக்கு நான்கு அறிக்கைகள் சமர்ப்பிக்க வேண்டும். மாஸசூஸெட்ஸில் ஆறு வயது முதல் பதினாறு வயது வரை கல்வி கட்டாயம். வீட்டில் கற்பிக்க விரும்புவோர் ஊர்க் கல்வி அதிகாரிகளிடம் முன்கூட்டியே திட்டத்தைக் கொடுத்து அங்கீகாரம் பெற வேண்டும் என்று அந்த ராஜ்யத்து உச்ச நீதிமன்றம் 1987-இல் தீர்ப்பளித்தது. ஆனால் அதிகாரிகள் வீட்டுக்குள் வந்து பார்ப்பதை நிபந்தனையாக்கக் கூடாது என்று 1998-இல் அதே நீதிமன்றம் கூறியது. ஆகவே திட்டமே இல்லாத குடும்பங்கள் வருஷத்துக்கு ஒருமுறை திட்டம் எழுதுகின்றன. இது ஒரு தனி இலக்கியம். பான்கேக் சுட்டது ‘பின்னங்கள், அளவைகள்’ ஆகிறது. நத்தை ‘உயிரியல்’ ஆகிறது. தபால்காரரோடு பேசியது ‘சமூக இயல், ஊர்ப் பொதுப்பணிகள்’ என்ற தலைப்பில் அமர்கிறது. ராஜாவும் திருடனும் ‘நாடகம், வாய்மொழி வெளியீடு’ என்ற கௌரவத்தைப் பெறுகிறார்கள். அவற்றில் ஒன்றும் பொய்யில்லை. ஆயினும், குழந்தையின் நாளைப் பாடங்களாகக் கூறுபோடாமலிருக்க வருஷம் முழுவதும் பிரயாசைப்பட்ட தாய், அதிகாரிகளுக்காக அதையே உட்கார்ந்து செய்ய நேர்வது வேடிக்கைதான்.

தொலைக்காட்சி, வீடியோ விளையாட்டு, இனிப்பு, உறங்கும் நேரம் ஆகியவற்றையும் குழந்தையின் இஷ்டத்துக்கே விட்டுவிடலாமா என்பதில் அவர்களுக்குள்ளேயே இரண்டு கட்சிகள் உள்ளன. விட்டுவிடு, சில வாரம் அளவுகடந்து போகும், பிறகு தானே அடங்கும் என்பார் ஒரு சாரார். அவ்விளையாட்டுகளைச் செய்து விற்பவர்கள் அடங்கவிடாமல் செய்வதற்கென்றே நிபுணர்களை வைத்திருக்கிறார்களே என்பார் மறுசாரார். பின்னவர் பக்கமே நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

பீட்டர் க்ரேயும் ஜீனா ரைலி என்ற ஆராய்ச்சியாளரும் இத்தகைய 232 குடும்பங்களின் பதில்களைத் தொகுத்து 2013-இல் வெளியிட்டார்கள். எழுதியவர்கள் பெரும்பாலும் தாய்மார்கள். உங்களுக்கு எது கஷ்டம் என்ற கேள்விக்கு, சட்டத்தின் தொல்லை என்று சொன்னவர்கள் சொற்பம். உற்றார் உறவினரின் விமர்சனமும், தாமே பள்ளியில் பயின்ற காலத்துப் பழக்கங்கள் தம் மனத்தைவிட்டுப் போக மறுப்பதுமே பெரிய கஷ்டங்கள் என்று மிகப் பலர் எழுதினார்கள். தமக்கென்று நேரமில்லாமை, உத்தியோகத்தை விட்டதால் வந்த பணமுடை ஆகியவை அடுத்தபடி. அதே இருவர் பிறகு இம்முறையில் வளர்ந்து பெரியவர்களான 75 பேரைக் கேட்டபோது, தம் வளர்ப்பைக் குறித்து வருந்துவதாகச் சொன்னவர்கள் மூவர் மட்டுமே. தாமாக முன்வந்து எழுதியவர்களின் பதில்கள் இவை. வருந்துபவர்கள் எழுத முன்வந்திருப்பார்களா என்பதை யோசித்துத்தான் இதை எடைபோட வேண்டும். அந்த மூவர் சொன்ன காரணங்கள் கவனத்துக்குரியவை: வெளியுலகத் தொடர்பற்ற தனிமை, மனநலம் குன்றிய தாய், எதிலும் தலையிடாத தந்தை. பள்ளி என்பது பாடம் சொல்லும் இடம் மட்டுமல்ல, வீட்டிலிருந்து குழந்தைக்குச் சில மணி நேர விடுதலையும் அளிக்கும் இடம் என்பதை அவர்களுடைய வாக்குமூலம் காட்டுகிறது. வீடு நன்றாயிருந்தால் இந்த முறை நன்று. வீடு கெட்டால் பிள்ளைக்குப் போக்கிடமில்லை.

இந்த விஷயத்தில் நம் நாட்டுக்கும் ஒரு பழைய கதை உண்டு. காந்தியடிகள் 1897-இல் டர்பன் துறைமுகத்தில் இறங்கியபோது உடன் இரண்டு புதல்வர்களும் சகோதரியின் மகன் ஒருவனும் இருந்தார்கள். ஐரோப்பியர் பள்ளியில் சலுகையாக அவர்களைச் சேர்த்திருக்கலாம். மற்ற இந்தியக் குழந்தைகளுக்கு இல்லாத சலுகை தம் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று மறுத்துவிட்டார். பின்னர் ஜோஹான்னஸ்பர்க்கில் வீட்டிலிருந்து அலுவலகத்துக்குப் போகவும் வரவுமாக ஐந்து மைல் நடக்கும்போது பிள்ளைகளையும் உடன் அழைத்துக்கொண்டு, வழிநெடுகப் பேசிக்கொண்டே கல்வி புகட்ட முயன்றார். 1910-இல் நிறுவப்பட்ட டால்ஸ்டாய் பண்ணையில் சத்தியாக்கிரகிகளின் குழந்தைகளுக்கு அவரே ஆசிரியரானார். பாடப்புத்தகங்களைக் குழந்தைகள்மேல் சுமத்துவது அவசியமென்று அவர் கருதவில்லை. அங்கிருந்த தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துக் கற்பித்தவரும் அவர்தான். கப்பல் யாத்திரைகளிலும் சிறைவாசத்திலும் போப்பையரின் கைநூலை வைத்துக்கொண்டு கற்ற தமிழே அவருடைய தமிழ். பேச்சுத் தமிழிலோ அந்தப் பிள்ளைகள் அவரை எளிதில் வென்றார்கள், ஆங்கிலமறியாத தமிழர் அவரைக் காண வந்தால் பிள்ளைகளே துபாஷிகளானார்கள். தம் அறியாமையை அவர் ஒருநாளும் அவர்களிடம் மறைக்கவில்லை. இவ்வளவும் ஹோல்ட் பிறப்பதற்கு முன் நடந்தது. ஆனால் பிள்ளைகளின் கல்விக்குத் தேவையான நேரத்தைத் தம்மால் கொடுக்க முடியவில்லை என்றும், அதுபற்றி அவர்களுக்குத் தம்மேல் குறை உண்டு என்றும் காந்தியடிகளே பிற்காலத்தில் எழுதினார். மூத்த மகன் ஹரிலால் முறையான படிப்பை நாடி 1911-இல் தந்தையைப் பிரிந்து இந்தியா திரும்பினார். நாவடக்கமும் கொள்கையும் மட்டும் போதாமல், ஏராளமான நேரமும் வேண்டியிருக்கிறது என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் எங்கே தேடுவது?

நேரம் என்பது பணமுள்ளவர்களிடமே மிகுந்திருப்பது. தமிழ்நாட்டில் இந்தப் பேச்சை எடுத்தால் உடனே எழும் ஆக்ஷேபம் இதுதான், அது நியாயமானதும்கூட. தலைமுறை தலைமுறையாகப் பள்ளியின் வாசற்படியை மிதிக்க விடாமல் தடுக்கப்பட்டவர்களுக்கு, அந்தப் படியை ஏறியதே விடுதலை. 1953-இல் ராஜாஜி, பிள்ளைகள் அரைநாள் பள்ளியிலும் எஞ்சிய நேரம் வீட்டில் பெற்றோரின் தொழிலிலும் பயிலட்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தபோது, குலக்கல்வித் திட்டம் என்று பெயர்பெற்று அது நாட்டையே கலக்கியதும், மறு வருஷம் அவர் பதவி விலகியபின் காமராஜர் ஆட்சி அதைக் கைவிட்டதும் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். வீடே பள்ளி என்ற வாசகம் பாஸ்டன் வக்கீலின் மகளுக்கு ஒரு பொருளும், பரம்பரைத் தொழிலுக்குள் அடைபட்டவர் மகளுக்கு முற்றிலும் வேறு பொருளும் தருவது. 2010 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம், ஆறு வயது முதல் பதினான்கு வயது வரையுள்ள குழந்தையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் அது குறிப்பிடவில்லை. அந்த இடைவெளியில்தான் நம் நகரங்களில் இம்முறையை மேற்கொண்ட சில குடும்பங்கள் வாழ்கின்றன. பிள்ளைக்குப் பதினான்கு வயதானபின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் மூலம் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதவைக்க வழியிருப்பது அவர்களுக்குத் துணை.

கடைசியாக ஒரு சங்கடம். பிள்ளையின் விருப்பமே பிரமாணம் என்று சொல்லி வளர்த்த வீட்டில், எட்டோ ஒன்பதோ வயதான பெண், தோழி போகிறாள், நானும் பள்ளிக்குப் போகிறேன் என்று ஒருநாள் சொல்லிவிட்டால் என்ன செய்வது? இது அபூர்வமாக நடப்பதன்று. பள்ளியின் தீமைகளைப் பற்றி நூல்நூலாகப் படித்து, உறவினரோடு வாதாடி, உத்தியோகத்தையும் விட்ட தாய், பிறப்புச் சான்றையும் தடுப்பூசிக் குறிப்பையும் தேடி எடுத்துக்கொண்டு பள்ளி அலுவலகத்துக்குப் போகவேண்டும். போகவேண்டும் என்பதுதான் இந்த இயக்கத்தில் ஊறியவர்கள் சொல்வது. அப்போதும் “நான் சொன்னேனே” என்று பின்னால் சொல்வதற்கு ஒரு வார்த்தையைச் சேர்த்துவைக்கக் கூடாது என்பார்கள். அவ்வாறு போனவர்களில் சிலர், ஒரு பருவம் இருந்துபார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறார்கள். சிலருக்கு அங்கே பிடித்துப்போய், படிப்பு முடியும்வரை இருந்துவிடுகிறார்கள்.